எனக்குப் பதிலாகப் பேசாத அம்மா

முதல் நாள் அந்த அறையில் இருந்தவர்கள்: என் மாமியார். என் வீட்டுக்காரர் ஏழுமலை. அவருடைய அண்ணன். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வழி தெரியும் என்று கூட வந்த எதிர்வீட்டு கன்னியம்மா. நான். நாற்காலியில் அந்த அம்மா.

மிஷன் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறை. முன்பு கிழிந்த போர்வைகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலி. மேசை கிடையாது. மேசை இல்லாத டாக்டரை நாங்கள் பார்த்ததில்லை.

"உங்களுக்கு என்ன செய்யுது?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

மாமியார் பதில் சொன்னார். "சோறு துன்றதில்லம்மா. தூங்கறதில்ல. தல சீவ உடமாட்டேன்றா. சீப்பக் கண்டா நடுங்கறா."

"அவங்களைக் கேட்டேன்."

"அவளுக்கு சொல்லத் தெரியாதும்மா" என்றார் ஏழுமலை.

"கம்பெனில ரெண்டு வாட்டி வுயுந்துட்டா" என்றார் அவர் அண்ணன்.

"கூட வேல செஞ்சவ செத்தா பாரு, அவதான் புடிச்சிக்கினா" என்றாள் கன்னியம்மா. மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு.

அந்த அம்மா எழுந்துபோய் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "வெளியில பெஞ்சு இருக்கு. எல்லாரும் அங்க உக்காருங்க."

"நானுமா? புருசன்மா நானு."

"நீங்களும்தான்."

போனார்கள். மாமியார் கடைசியாகப் போனார். "கல்லு மாரி உக்காந்துக்குவா, நல்லா அதட்டிக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடிக்கொண்டது.

கல் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா அதட்டவில்லை. செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, எனக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்க்க வேண்டுமென்றால் நான் ஜன்னலைப் பார்க்கலாம். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவரைப் பார்க்கலாம்.

"நான் மருந்து தர்ற டாக்டர் இல்ல" என்றார். "ஊசியும் கிடையாது. புதன்கிழமைக்குப் புதன்கிழமை முக்கால் மணி நேரம். பேசணும்னா பேசலாம், சும்மா இருக்கணும்னாலும் இருக்கலாம். ஒரே நாள்ல சரியாகாது. மாசக்கணக்கா ஆகும். பேச ஆரம்பிச்சா முதல்ல கொஞ்சம் அதிகமாகவும் செய்யும். அதை இப்பவே சொல்லிடறேன். இங்க பேசறது வெளியில போகாது. உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் சொல்லுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். என்கூடப் பேசப் பிடிக்கலைன்னா, அதையும் என்கிட்டயே சொல்லலாம்."

ஆஸ்பத்திரியில் என்னை 'நீங்க' என்று யாரும் கூப்பிட்டதில்லை. கம்பெனியில் 'ஏய்'. ஆஸ்பத்திரியில் 'நகரு'. அந்த 'நீங்க' எனக்குப் பயமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து ஒன்று சொன்னேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

"பாட்டில் எட்த்தாந்தேன்."

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி என்றால் தண்ணி மருந்து. அதற்கு நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். நன்றாகக் கழுவி முந்தானையில் சுற்றிக்கொண்டு போயிருந்தேன்.

"அதுக்கு இங்க வேலை இல்லை" என்றார்.

வெறும் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன்.

---

அந்த அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. புதன்கிழமை பட்டணத்திலிருந்து ரயிலில் வருவார். ஸ்டேஷனில் வேர்க்கடலை வாங்கி நடந்துகொண்டே தின்பார். குட்டையானவர். நாற்பதுக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, பெரிய கண்ணாடி. கல்யாணம் ஆனவரா, என்ன ஆட்கள், ஒன்றும் தெரியாது. ஒருநாள் கேட்டேன்.

"உங்களுக்குப் புள்ளைங்க கீறாங்களா?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க?"

எரிச்சலாக வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாத மனுஷி. ஆனால் யோசித்தேன். பிள்ளை உண்டு என்றால் என் கஷ்டம் தெரியும் என்று சொல்லியிருப்பேன். இல்லை என்றால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

ஆயா பத்து மணிக்கு டீ கொண்டுவந்து வைப்பாள். அந்த அம்மா தொடமாட்டார். நாம் பேசப் பேச டீ ஆறி ஆடை படியும். முக்கால் மணி முடிந்ததும் ஆடையோடு ஒரே மடக்கில் குடிப்பார். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் நான் பேசும்போது ஒரு வாய் டீகூட அவர் குடித்ததில்லை.

'கவலைப்படாதீங்க' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'எல்லாம் சரியாயிடும்' என்றதில்லை. நாம் பாதியில் நிறுத்தினால் மீதியை அவர் சொல்லி முடிக்கமாட்டார். காத்திருப்பார். வெளியே துணி துவைக்கிற சத்தம் கேட்கும். நாமேதான் முடிக்க வேண்டும். நம் வாயில் அவர் வார்த்தையை வைக்கமாட்டார். அதுதான் அவர் குணம். அது ஒன்றுதான்.

மணவாள நகரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருவார். மனைவியை இழந்தவர். ஒருநாள் வெளியே வந்து பெஞ்சில் எங்களிடம் கத்தினார். "அரை மணியா அழறேன்! ஒரு ஆறுதல் வார்த்தை உண்டா? ஒரு டம்ளர் தண்ணி உண்டா? இந்தம்மா நெஞ்சு என்ன கருங்கல்லா?"

"அப்போ அடுத்த வாரம் வரமாட்டியா சாரு?" என்றாள் ஆயா.

அடுத்த புதன் நான் போனபோது பெஞ்சில் முதல் ஆளாக வாத்தியார்தான் உட்கார்ந்திருந்தார். ஆயா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

---

எனக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. எழுபதுகளில் செவ்வாப்பேட்டை பக்கம் ஒரு ஆணிக் கம்பெனி இருந்தது. நான் பேக்கிங். மல்லிகாவும் பேக்கிங். மேலே ஓடுகிற உருளையிலிருந்து மெஷினுக்கு பெல்ட்டு இறங்கும். பெல்ட்டுக்கு மூடி கிடையாது. கீழே விழுந்த சணலை எடுக்க மல்லிகா குனிந்தாள். அவளுக்கு நீளமான பின்னல். பெல்ட்டு பின்னலைப் பிடித்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பெல்ட்டு ஜெயித்தது.

முடியைக் கட்டாதது அவள் தப்பு என்று கம்பெனி சொன்னது.

அதற்குப் பிறகு பெல்ட்டு ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு மூச்சு நின்றது. கை விறைத்தது. இரண்டு முறை விழுந்தேன். வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். வீட்டில் என் முடியை நானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரு முழுக்கச் சொன்னது, மல்லிகா புடிச்சிக்கினா என்று.

அந்த அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். "மல்லிகா என்னப் புடிச்சிக்கினாளாம்."

"அது தெருவுல சொன்னது. நீங்க?"

"அத்தையும் அதான் சொல்லுது."

"அது உங்க மாமியார் சொன்னது. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கென்று சொல்ல ஒன்று இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்த்தேன். துணி காய்ந்தது. டீ ஆறியது.

"அவ என்னப் புடிக்கல. நாந்தான் அவ கைய உட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டு அழுதேன். அந்த அம்மா தொடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. அழுகை அடங்கியதும் கேட்டார். "விடாம இருந்திருந்தா?"

"என்னையும் இஸ்துக்கினு பூட்டிருக்கும்."

நான் சொன்னது என் காதிலேயே இருந்தது. ரயிலில் வரும்போதும் இருந்தது.

அவர் சொன்னபடியே வியாதி முதலில் அதிகமானது. கனவில் பெல்ட்டு ஓடியது. கோபத்தோடு போய்ச் சொன்னேன். "முன்ன இருந்தத விட பேஜாராக் கீது." "இருக்கும்" என்றார். "மூடி வெச்சிருந்ததைத் திறந்திருக்கோம்." பிறகு, எது எது பயம், அதில் எது சின்ன பயம் என்று கேட்டார். சீப்பு என்றேன். அடுத்த வாரம் சீப்பு கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுபோனேன். மடியிலிருந்து எடுக்கவே அரை மணி ஆனது.

"நீங்க சீவி உடுங்களேன்" என்றேன்.

"மாட்டேன்."

"யம்மா, கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே சீவுங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சீவினேன். சிக்கும் அழுக்குமாக இருந்தது. பாதித் தலைதான் முடிந்தது. மீதிப் பாதியோடு ரயில் ஏறினேன். ஜனங்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பைத்தியம் என்று சொல்பவர்களுக்கு என் பாதித் தலையைத் திருப்பிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு, சீப்பை விடப் பெரிய பயத்துக்கு, கம்பெனி கேட் வரைக்கும் நடந்தேன். பிறகு கேட்டில் நின்று பெல்ட்டு சத்தம் கேட்டேன். வாட்ச்மேன் கேட்டான். "இன்னா தேசம்மா, வேல கேக்க வந்தியா?" "இல்ல நைனா, சத்தம் கேக்க வந்தேன்." அவன் தலையில் அடித்துக்கொண்டான். மூச்சு முட்டியது. ஓடாமல் நின்றேன். முட்டுகிற மூச்சு கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நின்று பார்த்தேன். இறங்கியது.

---

பாட்டில் கதை இதற்கு நடுவில் நடந்தது.

வாரம் வாரம் வெறும் பாட்டிலோடு வந்தால் வீட்டில் விடுவார்களா? "மருந்து குடுக்காத டாக்டரு இன்னா டாக்டரு?" என்று மாமியார் கேட்க ஆரம்பித்தார். இனி போகவேண்டாம் என்று பேச்சு வந்தது. நான் ஒன்று செய்தேன். திருவள்ளூர் ஸ்டேஷன் எதிரே சோடாக் கடையில் சிவப்புக் கலர் வாங்கினேன். நாட்டுமருந்துக் கடையில் ஓமத் தண்ணீர் வாங்கினேன். இரண்டையும் பாட்டிலில் கலந்தேன். கம்பவுண்டர் ஒட்டுகிற மாதிரி காகிதம் வெட்டி அளவுக் கோடு ஒட்டினேன். வேளைக்கு ஒரு கோடு. வீட்டில் நிம்மதியானார்கள்.

இதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லை.

ஒரு நாள் பாட்டிலில் கோடு வேகமாக இறங்கியது. பார்த்தால் மாமியார் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாத்தே பண்ற?"

"முட்டி வலிடி. ஒரு மொடக்கு வெச்சேன். கேக்குது. காலைல நாஷ்டா துன்னதும் ஒண்ணு வெச்சா சும்மா சில்லுனு எறங்குது."

அடுத்த புதன் தனக்கும் ஒரு பாட்டில் கழுவி எடுத்துக்கொண்டு என்னோடு ரயில் ஏறிவிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நேராகப் போய் கதவைத் தட்டினார்.

"யம்மா, அந்த செவப்பு மருந்து. முட்டிக்கு. எனக்கும் ஒரு பாட்டில் ஊத்து."

நான் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"இங்க மருந்து கிடையாதும்மா. எப்பவும் கிடையாது."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்ப வாரா வாரம் ரெண்டு பேரும் கதவ சாத்திக்கினு இன்னாதான் பண்றீங்க?"

"பேசறோம்."

"பேசறதுக்கா ரயிலேறி வரா? ஊட்ல பேச ஆளில்லியா? இன்னா பேசறா? என்னப் பத்தியா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"நான் மாமியா!"

"அவங்க அம்மா வந்தாலும் சொல்ல மாட்டேன்."

ரயிலில் மாமியார் தன் வெறும் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஏழுமலையிடம் சொன்னார். வருகிற அமாவாசைக்கு ஏற்பாடு செய்தார்கள். கவரைப்பேட்டைப் பக்கத்துப் பூசாரிக்கு ஆள் போனது.

எங்கள் பக்கத்தில் பேய் ஓட்டுவது இப்படி. உடுக்கை அடிப்பார்கள். உச்சி முடியைச் சுருட்டிப் பிடித்து ஆட்டிக் கேள்வி கேட்பார்கள். பேய் தன் பேரைச் சொன்னதும் பிடித்த முடியை அறுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும். மற்றவர்களுக்கு அது சடங்கு. எனக்கு அது பெல்ட்டு. அடிக்கிற ஆணிகூட எங்கள் கம்பெனி ஆணியாகத்தான் இருக்கும். நானே பொட்டலம் கட்டியதாகவும் இருக்கலாம்.

அந்த மரத்தில் என் முடி இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

---

அமாவாசைக்கு முன்னால் இரண்டு புதன் இருந்தது. முதல் புதன் போய் சண்டை போட்டேன்.

"ஒரு பொய் சொல்லக் கூடாதா? மருந்துதான்னு ஒரு வார்த்த?"

"நீங்க சொன்னதை வெளியில சொல்ல மாட்டேன். உங்களுக்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன்."

"அப்போ எங்கூட்டுக்கு வாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. படிச்சவங்க."

"வர மாட்டேன்."

"ஏன்?"

"நான் வந்து சொன்னா நிறுத்துவாங்க, இந்த அமாவாசைக்கு. அடுத்த அமாவாசைக்கு நான் எங்க இருப்பேனோ?"

"அப்ப எம் முடிய அறுக்கட்டும்ன்றீங்க."

"அப்படிச் சொல்லல. உங்களை அடிச்சாங்க, கட்டிப்போட்டாங்கன்னா சொல்லி அனுப்புங்க. போலீசைக் கூட்டிக்கிட்டு நானே வருவேன். அதுல எனக்கு ரெண்டாவது யோசனை கிடையாது. ஆனா வேண்டாம்ங்கிற வார்த்தை உங்களுது. அதை நான் எடுத்துக்க மாட்டேன்."

"சொல்றது உனக்கு சுலபம்!" என் வாயில் 'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது.

"எனக்கு சுலபம்தான். உங்களுக்குக் கஷ்டம். தெரியும்."

முக்கால் மணி ஆகும் முன்பே எழுந்தேன். கதவைச் சாத்திய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி ஆடியது. இனி வருவதில்லை என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த புதன் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"போன வாரம் கோவமா போனீங்க" என்றார். "அந்தக் கோவத்தைப் பத்திப் பேசலாமா?"

என் கோபத்தை யாரும் உட்காரவைத்து விசாரித்ததில்லை. அடிப்பார்கள், இல்லையென்றால் சிரிப்பார்கள். அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேசினேன். அவர் மேல் இருந்தது, மாமியார் மேல் இருந்தது. கம்பெனி மேல் இருந்தது. மூடி போடாத பெல்ட்டு மேல் இருந்தது. குனிந்த மல்லிகா மேலும் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"பூசாரி அந்தக் கதவுகிட்ட நிக்கறாருன்னு வெச்சிக்குங்க. என்ன சொல்லணும்?"

"முடியத் தொடாத."

"எனக்கே கேக்கல."

"முடியத் தொடாத."

"இன்னும் சத்தமா."

"வெளிய ஆயாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

கத்தினேன். கதவு திறந்தது. ஆயா துடைப்பத்தோடு நின்றாள். "இன்னாம்மா? பாம்பா? எங்க?"

அந்த அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மேல்பல் ஒன்று இல்லை. நானும் சிரித்தேன். ஆயா திட்டிக்கொண்டே போனாள்.

அந்த அம்மா மொத்தம் இரண்டு வருஷம் வந்தார். அப்புறம் வரவில்லை. வரப்போவதில்லை என்று ஒரு மாதம் முன்பே எல்லோரிடமும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. கடைசி நாளும் முக்கால் மணிதான். ஒரு நிமிஷம் கூட்டிக் கொடுக்கவில்லை. டீயைக் குடித்தார், செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. கல்நெஞ்சு என்பார்கள். வெறும் பேச்சு என்பார்கள். சொல்லட்டும். எனக்காக அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. அதனால்தான் நான் செய்தேன்.

பூசாரி வந்த அந்த அமாவாசை அன்று உச்சிப்பொழுது. எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டு மணை போட்டார்கள். எலுமிச்சம்பழம், குங்குமம், கத்தி, ஒரு ஆணி, ஒரு சுத்தி. தெருவே நின்றது. என்னை யாரும் இழுத்து வரவில்லை. காலையில் நானே தலைக்கு ஊற்றி, நானே சீவி, கொண்டை போட்டுக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தேன். மாமியார் என் கொண்டையைப் பார்த்தார். சீப்பு என் இடுப்பில் செருகியிருந்தது.

உடுக்கை அடித்தார்கள். பூசாரி கொண்டைக்குக் கை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் மூச்சு முட்டியது. முட்டட்டும் என்று விட்டேன்.

"முடியத் தொடாத."

"வந்துட்டாடா!" என்று பூசாரி கத்தினார். "யாருடி நீ? பேரச் சொல்லு!"

"தேசம்மா."

"அது இவ பேரு. உம் பேரக் கேட்டேன்."

"எம் பேருதான். தேசம்மா."

"எங்கேர்ந்து வந்த?"

"ஆணி கம்பெனி. பேக்கிங்."

யாரோ சிரித்தார்கள். பூசாரிக்கு வேர்த்தது. "மல்லிகா எங்க?"

"செத்துட்டா. பெல்ட்டுக்கு மூடி கெடையாது. அதான் செத்தா. அவ இங்க இல்ல."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஏழுமலை வந்தார். என்னைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குனிந்தார். கத்தியையும் ஆணியையும் எடுத்தார். ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உடு சாமி. போதும்" என்றார்.

பூசாரி விடவில்லை. என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, எட்ட நின்று, தொண்டை கிழியக் கேட்டார்.

"கடைசியா கேக்கறேன்! உள்ள எத்தினி பேரு கீறீங்க?"

"ஒருத்தி."